சர்க்கரை உள்ள அம்மாவுக்குப் பாத அழுத்த சிகிச்சை சரிவருமா?

உட்லண்ட்ஸ் மகள்:
அம்மாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை. பள்ளி கேன்டீனில் நாள் முழுக்க நின்று சமைக்கிறார். ராத்திரி கால் கடுத்துத் தூக்கமே வருவதில்லை. அத்தை இங்கே சிங்கப்பூரில் சைனாடவுன் பீப்பிள்ஸ் பார்க்கில் கால் பிடித்துவிடும் கடைக்குப் போய்வந்தால் நன்றாகத் தூங்குகிறாராம். அம்மாவுக்கும் ஆசை. அங்கே சுவரில் மாட்டியிருக்கும் பாத வரைபடத்தில் கணையத்துக்கும் ஒரு இடம் உண்டு, அதை அழுத்தினால் சர்க்கரை இறங்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நம்பலாமா? எங்கள் அடுக்குமாடி புளோக்குக் கீழே கூழாங்கல் பாதையில் வெறுங்காலோடு நடக்கவும் கிளம்பிவிட்டார்.

தாதி அக்கா:
கூழாங்கல் நடையை இன்றைக்கே நிறுத்துங்கள் தங்கச்சி. சர்க்கரையால் கால் நரம்பு மரத்திருந்தால் கல் குத்தியதே தெரியாது. சின்னக் கீறல் புண்ணாகி, ஆறாமல் இழுத்துக்கொண்டு போவதை வார்டில் நிறையப் பார்க்கிறேன். பலதுறை மருந்தகத்தில் பாதப் பரிசோதனைக்குப் பதிவு செய்யுங்கள். கண்ணை மூடச் சொல்லி, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு "தெரியுதா?" என்று கேட்பார்கள். ரத்த ஓட்டத்தையும் பார்ப்பார்கள். அது முடிந்த பிறகு கடையைப் பற்றி யோசிக்கலாம். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, கெண்டைக்காலில் வலித்தால் யாரும் பிடித்துவிடவே கூடாது. ரத்தக்கட்டாக இருக்கலாம், நேரே டாக்டர்தான்.

பாதம் பிடிப்பவர்:
இதுதான் என் தொழில், அதனால் ஒளிக்காமல் சொல்கிறேன். கணையத்து இடத்தை அழுத்திச் சர்க்கரையை இறக்க முடியாது. அந்த வரைபடமே அமெரிக்காவில் உருவானது. காது, மூக்கு, தொண்டை மருத்துவர் ஃபிட்ஸ்ஜெரால்ட் உடம்பைப் பத்து மண்டலமாகப் பிரித்து 1917-இல் புத்தகம் போட்டார். 1930-களில் யூனிஸ் இங்கம் அதைப் பாதத்துக்குக் கொண்டுவந்தார். விரல்கள் தலைக்கு, உள்வளைவு வயிற்றுக்கு, குதிகால் இடுப்புக்கு என்பதெல்லாம் அப்படி வந்ததுதான். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களுக்கு, எந்த நோயையும் இது குணமாக்குகிறது என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை.

ஆனால் கால் பிடித்த சுகம் பொய்யில்லை. நாள் முழுக்க அடுப்படியில் நின்ற ஒருவர் நாற்காலியில் சாய்ந்து, தோள் தளர்ந்து, பேச்சை நிறுத்திவிட்டுக் கண் மூடுவதைத் தினமும் பார்க்கிறேன். அந்த நிம்மதிக்காக அம்மா தாராளமாக வரலாம், தாதி அக்கா சொன்ன பரிசோதனை முடிந்த பிறகு. சர்க்கரை மாத்திரையை மட்டும் நிறுத்த வேண்டாம்.

கடையில் உட்கார்ந்ததுமே சர்க்கரை இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். மரக்குச்சியால் அழுத்த வேண்டாம், கையால் மெதுவாகப் போதும். பெரும்பாலான இடங்களில் முதலில் சுடுதண்ணீர்த் தொட்டியில் காலை வைக்கச் சொல்வார்கள். பலர் கவனிக்காத ஆபத்து அதுதான். மரத்த காலுக்குச் சூடு உறைக்காது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். நீங்கள் கைவிட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருந்தால் மட்டும் சரி. வெடிப்போ புண்ணோ இருந்தால் அன்றைக்கு வேண்டாம்.

உட்லண்ட்ஸ் மகள்:
ரொம்ப நன்றி. முதலில் மருந்தகம்தான். அதுவரை வீட்டில் நானே பிடித்துவிடலாமா?

பாதம் பிடிப்பவர்:
தாராளமாக. நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து, விரலிடுக்கு, குதிகால் எல்லாம் முதலில் பாருங்கள். கொஞ்சம் லோஷன் தடவிக்கொள்ளுங்கள், விரலிடுக்கில் மட்டும் வேண்டாம், ஈரம் தங்கிவிடும். கட்டைவிரலைப் புழு ஊர்வதுபோல மடக்கி மடக்கி, குதிகாலிலிருந்து மேலே கொண்டுபோங்கள். வலித்தால் அம்மா சொல்வார் என்று விட்டுவிடாதீர்கள், முகத்தையும் பாருங்கள். ஒரு காலுக்குப் பத்து நிமிடம் போதும்.