அறிவிக்கப்படாத நலன்முரண்கள்: வழிகாட்டல் வேண்டும்

வணக்கம். தாங்கள் ஆய்வு செய்யும் மருந்தைத் தயாரிக்கும் நிறுவனத்திடமே கட்டணம் பெற்றுக்கொண்டு, அதைக் கட்டுரையில் அறிவிக்காமல் விடும் மருத்துவப் பேராசிரியர்களைப் பற்றி எழுதி வருகிறேன். தட்டம்மை முதலியவற்றுக்கான எம்.எம்.ஆர். தடுப்பூசியை ஆட்டிசத்துடன் தொடர்புபடுத்தி 1998இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான மருத்துவர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் கட்டுரை, அத்தடுப்பூசியைத் தயாரித்த நிறுவனங்களுக்கு எதிராக வழக்காடிய வழக்கறிஞர் தரப்பிலிருந்து அவர் பெற்ற பணத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அது 2010இல்தான் முழுமையாகத் திரும்பப் பெறப்பட்டது என்பதையும், அதற்குள் பெற்றோரிடையே பரவிய தடுப்பூசி அச்சத்தையும் நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது.

அமெரிக்காவில் நிறுவனங்கள் மருத்துவர்களுக்குத் தரும் தொகையை ஓப்பன் பேமென்ட்ஸ் என்னும் அரசுத் தளத்தில் பார்க்கலாம். அத்தகைய பதிவேடு இல்லாத நாடுகளில், நலன்முரண் அறிவிப்பை எதனுடன் ஒப்பிட்டுச் சரிபார்ப்பது? ஐயம் எழுந்தால் முதலில் இதழாசிரியருக்கு எழுதுவதா, பல்கலைக்கழகத்துக்கா? புகார் அளிக்கும் இளநிலை ஆய்வாளரின் பெயர் வெளிவராமல் காப்பது எப்படி என்பதே இவற்றில் எனக்கு மிக முக்கியமான கேள்வி. விசாரணைக் குழுக்களில் பணியாற்றியவர்கள் இருந்தால், அருள்கூர்ந்து விரிவாகப் பதிலளியுங்கள்.