மறு: கம்பாட்டிபிலிட்டிக்குப் 'பொருத்தம்' போதுமா?

வணக்கம். ஒரு கருவியோடு இன்னொன்று சேர்ந்து வேலை செய்வதைச் சொல்லும் 'கம்பாட்டிபிலிட்டி'க்குத் தமிழில் என்ன சொல் போடலாம் என்ற பேச்சுக்கு என் பதில் இது. வாய்ஸ் ரவுட்டர் என்பது தொலைபேசி அழைப்புகளையும் கையாளும் ரவுட்டர். மாட்யூல் என்பது அதில் செருகும் அட்டை.

> வாய்ஸ் ரவுட்டர் கையேட்டில் 'மாட்யூல் பொருத்தம்' என்றே போட்டுவிடலாம். எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். சிஸ்கோ 2900 வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். குரலை நெட்வொர்க்கில் அனுப்பும் தரவுப் பொட்டலங்களாக (பாக்கெட்) மாற்றும் டிஎஸ்பி சில்லுகள் பிவிடிஎம்3 என்ற சின்ன அட்டையில் வருகின்றன. அது மதர்போர்டில் நேராக உட்காரும். பழைய பிவிடிஎம்2 கையில் இருந்தால் ஓர் அடாப்டர் வைத்து அதே இடத்தில் செருகலாம். சரி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் செருகினால்? கச்சிதமாகவே உட்காரும். ஆனால் ரவுட்டர் பிவிடிஎம்2-ஐ அணைத்துவிட்டு 3-ஐ மட்டும்தான் பயன்படுத்தும். இரண்டும் சேர்ந்து இத்தனை அழைப்புகளைத் தாங்கும் என்று கணக்குப் போட்டவர் மாட்டிக்கொள்வார்.

அதனால் 'பொருந்துதல்' ஸ்லாட்டில் உட்காருவதற்கு மட்டும் இருக்கட்டும். சேர்ந்து வேலை செய்வதற்கு வேறு சொல் வேண்டும்.

> அப்படியானால் 'இணக்கம்'?

அதை விதிகளுக்கு இணங்குவதற்கு, அதாவது கம்ப்ளையன்ஸுக்கு, பலரும் எழுதிவருகிறோம். ஒரே டேட்டா ஷீட்டில் மின்காந்த விதி இணக்கமும் கார்டு இணக்கமும் அடுத்தடுத்து வந்தால் படிப்பவர் பாடு திண்டாட்டம்.

நான் முன்வைப்பது 'ஒவ்வுமை'. 'கத்திரிக்காய் எனக்கு ஒவ்வாது' என்று வீட்டில் சொல்கிறோம். வாய் ஏற்றாலும் உடம்பு ஏற்பதில்லை. பிவிடிஎம்2 கதையும் அதேதான். 'ஒவ்வாமை' அலர்ஜிக்குப் போய்விட்டதே என்று கேட்பீர்கள். அந்தப் பெயர்ச்சொல்லைத் தொடாமல் 'ஒவ்வாத மாட்யூல்' என்று எழுதினால் போதும், குழப்பம் வராது.

கையேட்டில் வைத்துப் பார்த்தேன் (விஐசி2 தொலைபேசி இணைப்புகளுக்கான கார்டு; 2911 அந்த 2900 வரிசை ரவுட்டர்; இஎச்விக், நிம் இரண்டும் கார்டு செருகும் ஸ்லாட் வகைகள்; ஐஓஎஸ் ரவுட்டரை இயக்கும் சிஸ்கோ மென்பொருள்):

"விஐசி2 கார்டு 2911-இன் இஎச்விக் ஸ்லாட்டில் பொருந்தும், ஒவ்வும். 4000 வரிசையின் நிம் ஸ்லாட்டில் பொருந்தவே பொருந்தாது. பிவிடிஎம்3 இருக்கும் மதர்போர்டில் பிவிடிஎம்2 பொருந்தும், ஆனால் ஒவ்வாது. வாங்குமுன் ஒவ்வுமைப் பட்டியலில் கார்டு எண், ஐஓஎஸ் பதிப்பு இரண்டையும் பாருங்கள்."

வினையாகவும் இப்படி இயல்பாக வருவதுதான் எனக்குப் பிடித்தது. 'இணக்கத்தன்மை கொண்டுள்ளது' என்று இழுக்க வேண்டியதில்லை.

அப்புறம், யூசி உரிமம் (குரல் வசதிக்குத் தனியாக வாங்கும் மென்பொருள் உரிமம்) இல்லாமல் குரல் வசதி முடங்கிக் கிடப்பதை இதில் சேர்க்க வேண்டாம். அது ஒவ்வுமைச் சிக்கல் அல்ல, காசுச் சிக்கல்.

பேக்வர்ட் கம்பாட்டிபிலிட்டிதான், அதாவது புதியது பழையதோடும் சேர்ந்து வேலை செய்வதுதான், இன்னும் உதைக்கிறது. 'பின்னொவ்வுமை' நாக்கில் புரளவில்லை. இப்போதைக்கு 'பழையதோடு ஒவ்வும்' என்று எழுதிவருகிறேன். இதைவிடச் சுருக்கமாக யாருக்காவது தோன்றினால் சொல்லுங்கள்.