அங்கன்வாடிக்குப் போன பிள்ளைகள் பள்ளிக்கு ஒழுங்காக வருகிறார்களா? எப்படிக் கணக்கெடுப்பது?

முருங்கைக்காட்டு டீச்சர்:
வணக்கம். ஒட்டன்சத்திரம் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு எடுக்கிறேன். டயட்டுக்கு (மாவட்ட ஆசிரியர் கல்வி, பயிற்சி நிறுவனம்) செயலாராய்ச்சி ஒன்று, அதாவது என் வகுப்பையே வைத்து ஓர் ஆய்வு, எழுதித் தர வேண்டும். தலைப்பு: முன்பருவக் கல்வியும் ஒன்றாம் வகுப்பு வருகையும்.

என் வகுப்பில் 22 பிள்ளைகள். 13 பேர் அங்கன்வாடியிலிருந்து வந்தவர்கள். 5 பேர் தனியார் நர்சரியில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, பீஸ் கட்ட முடியாமல் இங்கே வந்தவர்கள். மீதி 4 பேர் நேராக வீட்டிலிருந்து. அங்கன்வாடிப் பிள்ளைகளைப் பார்த்தாலே தெரியும். செருப்பை வரிசையாக விடுவார்கள், தட்டைத் தாங்களே கழுவுவார்கள், பெல் அடித்தால் எங்கே நிற்க வேண்டும் என்று யாரும் சொல்ல வேண்டாம். வீட்டிலிருந்து வந்த ஒருவன் ஜூலை வரைக்கும் அப்பத்தா சேலையைப் பிடித்துக்கொண்டு கேட் பக்கமே நின்றான்.

எமிஸ்ஸில் (பள்ளிக்கல்வித் துறையின் இணையப் பதிவேடு) பார்த்தால் வகுப்பின் சராசரி வருகை 91 சதவீதம். அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கு அதைவிடக் கூடுதல். இதை வைத்து ‘அங்கன்வாடி வருகையைக் கூட்டுகிறது’ என்று முடிவெழுதலாமா?

புள்ளிக்கணக்கு:
எழுத வேண்டாம் டீச்சர். அந்த நால்வரும் ஏன் அங்கன்வாடிக்குப் போகவில்லை என்பதுதான் முதல் கேள்வி. பெற்றோர் பொங்கல் முடிந்ததும் செங்கல் சூளைக்குப் போகிறவர்களாக இருந்தால், அன்றைக்கு அங்கன்வாடிக்கு அனுப்பாத அதே காரணம் இன்றைக்குப் பள்ளிக்கும் அனுப்பவிடாது. பெருமை அங்கன்வாடிக்குப் போய்விடும்.

இதைத் தவிர்க்கத்தான் குலுக்கல் முறை ஆய்வுகள். யாருக்கு இடம் என்பதை வீட்டு நிலைமை முடிவுசெய்யாது, குலுக்கல்தான் முடிவுசெய்யும். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் அரசு முன்பருவப் பள்ளிகளில் இடத்தைவிட விண்ணப்பம் அதிகம் என்பதால் குலுக்கலில் இடம் கொடுத்தார்கள். வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தினர் 2,990 பிள்ளைகளை ஆறாம் வகுப்பு வரை தொடர்ந்து பார்த்து 2022-இல் முடிவை வெளியிட்டார்கள். இடம் கிடைத்த பிள்ளைகள் முன்பருவ ஆண்டின் முடிவில் முன்னே இருந்தார்கள். ஆறாம் வகுப்பில் பார்த்தால் தேர்விலும் பின்னே, வருகையிலும் சற்றுப் பின்னே! பாஸ்டன் நகரத்தின் குலுக்கலிலோ தேர்வு மதிப்பெண்ணில் பெரிய மாற்றமில்லை, ஆனால் கல்லூரிக்குப் போனவர்கள் கூடுதல். ஆக, ‘முன்பருவப் பள்ளி நல்லதா’ என்று பொதுவாகக் கேட்டால் பதில் வராது. அங்கே உள்ளே என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும்.

அப்புறம், சராசரியை நம்பாதீர்கள். 20 பேர் வகுப்பில் 16 பேர் ஒரு நாளும் விடாமல் வந்து, 4 பேர் பாதி நாள் வராவிட்டாலும் சராசரி 90 சதவீதம் காட்டும். வேலை நாளில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் விடுப்பு எடுத்த பிள்ளைகள் எத்தனை பேர், யார் யார் என்று பெயர்வாரியாக எடுங்கள். சிகாகோ அரசுப் பள்ளிகளின் முன்பருவ வகுப்புகளை இப்படிப் பார்த்தபோது மூன்று வயதுப் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் அந்தப் பட்டியலில் வந்தார்கள். முக்கியக் காரணம் உடம்பு சரியில்லாததுதான்.

சத்துமாவு அக்கா:
நான் அங்கன்வாடிப் பணியாளர். எங்களையும் ஊரில் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள், சம்பளத்தில் மட்டும்தான் வித்தியாசம் :)

எங்கள் பதிவேட்டை வைத்து எதையும் நிரூபிக்குமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். காலையில் வந்து பாட்டு, கதை, பாசி கோக்கிறது என்று எல்லாம் செய்கிற பிள்ளைக்கும் ஒரு ‘வருகை’. பதினொன்றரைக்கு ஆத்தா இடுப்பில் தூக்கிவந்து, சாப்பிட வைத்துக் கூட்டிப்போகிற பிள்ளைக்கும் அதே ஒரு வருகை. முட்டை போடுகிற நாளில் கூட்டம் சேரும். நூறு நாள் வேலை நடக்கிற வாரத்தில் எல்லாப் பிள்ளையும் காலையிலேயே வந்துவிடும், வேலை இல்லாத வாரத்தில் பாதிதான். மழைக்காலத்துச் சளியைச் சொல்லவே வேண்டாம்.

வந்த பிள்ளைக்கும் எவ்வளவு நேரம் சொல்லித்தர முடிகிறது? எடை பார்க்கணும், உயரம் பார்க்கணும், போஷன் டிராக்கரில், அதுதான் அங்கன்வாடி விவரம் பதிகிற அரசு செயலியில், ஏற்றணும், சிக்னல் இல்லாவிட்டால் போனைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடணும், கர்ப்பிணி வீட்டுக்குப் போகணும். உதவியாளர் லீவு போட்டால் அடுப்படியும் என் தலையில்தான்.

புள்ளிக்கணக்கு:
அக்கா சொன்னதைத்தான் நம் தமிழ்நாட்டிலேயே அளந்திருக்கிறார்கள். அங்கன்வாடி மையங்களைக் குலுக்கலில் பிரித்து, ஒரு பகுதிக்கு மட்டும் முன்பருவக் கல்விக்கென்றே அரை நாள் வேலை செய்கிற கூடுதல் ஆள் ஒருவரைக் கொடுத்தார்கள். கனிமியன், கார்த்திக் முரளிதரன், வால்டர்ஸ் மூவரின் ஆய்வு. சொல்லித்தரும் நேரம் இரண்டு மடங்கானது. 18 மாதம் கழித்தும் மையத்தில் தொடர்ந்த பிள்ளைகளுக்குக் கணக்கில் 0.29, மொழியில் 0.46 திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகியிருக்கின்றன என்று காட்டும் அளவு) முன்னேற்றம். அந்த மையங்களில் வளர்ச்சிக் குறைபாடும் (வயதுக்கேற்ற உயரம் இல்லாதது) கடுமையான ஊட்டக்குறைவும்கூடக் குறைவு, ஏனென்றால் பழைய பணியாளருக்குச் சத்துணவு, உடல்நலம் பக்கம் கவனிக்க நேரம் கிடைத்தது என்று நான் புரிந்துகொள்கிறேன்.

‘மையத்தில் தொடர்ந்த’ என்ற சொல்லைக் கவனியுங்கள். நடுவில் நர்சரிக்குப் போன பிள்ளைகள் அந்தக் கணக்கில் இல்லை. டீச்சர் வகுப்பின் அந்த 5 பேர் போல.

முருங்கைக்காட்டு டீச்சர்:
அக்கா, சார், இருவருக்கும் நன்றி. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. எங்கள் பள்ளிக்குக் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது. அதற்குப் பிறகு எட்டேகாலுக்கே பாதி வகுப்பு வந்து உட்கார்ந்திருக்கிறது. இது அங்கன்வாடியின் பலனா, கிச்சடியின் பலனா என்று 22 பேரை வைத்து என்னால் பிரிக்க முடியாது.

அதனால் தலைப்பையே மாற்றிக்கொள்ளலாமா என்று பார்க்கிறேன். ‘அடிக்கடி வராத பிள்ளைகள் யார், எந்த நாளில், ஏன்?’ பக்கத்து மையத்தின் பழைய பதிவேட்டில் அதே பிள்ளைகளைத் தேடினால் உதவுமா?

சத்துமாவு அக்கா:
உதவும். ஆனால் பதிவேட்டை மட்டும் வாங்கிப் போகாதீர்கள். மத்தியானம் ஒன்றரைக்கு மேல் பிள்ளைகள் தூங்குகிற நேரத்தில் வந்து, உங்கள் பட்டியலை வைத்துக்கொண்டு அந்தப் பணியாளரிடமும் உதவியாளரிடமும் உட்கார்ந்து பேசுங்கள். எந்தப் பிள்ளை எத்தனை மணிக்கு வரும், யார் கூட்டிவருவார்கள், எந்த மாதம் காணாமல் போகும் என்பது உதவியாளருக்கு மனப்பாடம். சூளைக்குப் போகிற வீடு எது என்றும் கேளுங்கள். அந்தப் பிள்ளைகளை நீங்கள் பொங்கலுக்கு முன்பே பிடித்தாக வேண்டும்.