புதுப்பிப்பு: சரளைக் குழிக்கு ஏன் கிணற்று அனுமதி?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் சரளைக் குழிக்கு (சரளைக்கல் தோண்டி எடுக்கும் குழி) கிணற்று அனுமதி எதற்கு என்று முன்பு கேட்டிருந்தேன். விடை கிடைத்துவிட்டது. தோண்டும்போது நிலத்தடி நீர் வெளியே தெரிந்தால், அங்கே சட்டப்படி அந்தக் குழியே ஒரு கிணறு. 1980 முடிந்த பிறகு திறந்த நீர்ப்பரப்பு என்றால், ஆவியாகும் அளவு நீரை ஆற்றுக்குத் திருப்பி ஈடுகட்டியாக வேண்டும்.

நான் யோசிக்காதது லாரியில் ஏறிப் போகும் ஈரம்; அதற்கும் ஈடு தர வேண்டும். நீருக்கடியில் எடுத்துக் கழுவிய சரளைக்கு எடையில் 4 சதவீதம் என்பது வழக்கமான கணக்கு. டன்னுக்கு 40 லிட்டர்! சரி, ஈடுநீர் எங்கிருந்து வரும்? வாய்க்கால் பங்கு, அதாவது பாசன வாய்க்கால் நீரில் உரிமைப் பங்கு, வாங்குவார்கள், இல்லையென்றால் நகராட்சியிடம் குத்தகை. குழியில் ஏற்பட்ட நீரிழப்பு நிலத்தடி வழியாக ஆற்றை எட்ட மாதக்கணக்கில் ஆகலாம்; அதனால் தோண்டுவதை நிறுத்தினாலும் ஈடுகட்டும் கடன் உடனே தீராது.