செஷ்ஷூவின் இரண்டு நிலக்காட்சிகள்: ஒரே கைதானா?

வினா:
ஜென் துறவியும் ஓவியருமான செஷ்ஷூ தோயோவின் (1420–1506) படைப்புகளை அச்சுப் பிரதிகளில் ஒப்பிட்டு வருகிறேன். ‘குளிர்கால நிலக்காட்சி’யில் பாறைகளும் செங்குத்துச் சரிவும் உளியால் வெட்டியவைபோல் கறாரான கோடுகளால் நிற்கின்றன, 1495இல் வரைந்த சிதறுமை (மையைத் தெறித்தாற்போல் பரப்பி வரையும் முறை) நிலக்காட்சியிலோ மலை எங்கே முடிகிறது, மூடுபனி எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. இரண்டும் ஒருவர் வரைந்தவையா? பின்வந்தோர் இவரிடமிருந்து பெற்றது எது?

மறுமொழி 1:
ஒருவர் வரைந்தவையே. அக்கால ஜப்பானிய ஓவியர்கள் சீன ஆசான்களின் பாணிகளைத் தனித்தனியே பயின்று, வேண்டியபோது வேண்டியதைக் கையாண்டார்கள். கூரிய கோடு ஷியா குய்யின் வழி. சிதறுமை யூஜியானின் வழி. பின்னதில் முதலில் நீர்த்த மையைப் பரப்பி, ஈரம் காயும் முன்பே அடர்ந்த மையை வைக்க வேண்டும். பிசகினால் திருத்த வழியில்லை. உற்றுப் பாருங்கள்: அந்தக் கலங்கலுக்குக் கீழே ஒரு மதுக்கடையின் கூரையும், படகில் இருவரும் தெரிவார்கள்.

மறுமொழி 2:
அந்தச் சிதறுமை ஓவியத்தின் மேற்பகுதியில் செஷ்ஷூ தம் கையாலேயே எழுதிய குறிப்பையும் சேர்த்துப் படிக்க வேண்டும். விடைபெற்றுச் செல்லும் சீடர் சோயெனுக்காக வரைந்தது அது. 1467 முதல் 1469 வரை மிங் சீனாவில் இருந்தவர், அங்கே தேர்ந்த ஆசான்கள் அரிதாகவே கிடைத்தார்கள் என்றும், நாடு திரும்பிய பிறகே ஜோசெட்சு, ஷூபுன் ஆகிய தம் முன்னோடிகளின் உயர்வை உணர்ந்ததாகவும் அதில் சொல்கிறார். சீனப் பயணத்தையே பெருமையாகக் கருதிய காலத்தில் இப்படி எழுதியது துணிச்சல்தான்.

மறுமொழி 3:
மரபு பற்றிய கேள்விக்கு வருகிறேன். பின்னாளைய ஓவியர் ஹசெகாவா தோஹாகு தம்மைச் செஷ்ஷூவின் ஐந்தாம் தலைமுறை என்று அறிவித்துக்கொண்டார்; இன்னொரு ஓவியரான உன்கோக்கு தோகானோ யமகுச்சியில் இருந்த செஷ்ஷூவின் ஓவியக்கூடத்தையே பெற்று, அதன் பெயரைத் தம் பெயராக்கிக்கொண்டார். ஆக, செஷ்ஷூவின் பெயரே ஒரு சொத்தாகிவிட்டது. அவர் வரையாத படங்களும் அவர் பெயரில் உலவியதற்கு இதுவும் ஒரு காரணம். என் கணிப்பில் அவருடைய தனித்தன்மை முழுமையாக வெளிப்படுவது, எண்பது வயதைக் கடந்து வரைந்த ‘அமானோஹாஷிதாதே காட்சி’யில்தான். கற்பனைச் சீன மலைகளை விட்டுவிட்டு, ஜப்பானின் ஒரு மணல்திட்டையும் கோயில்களையும், எந்தக் குன்றில் ஏறினாலும் கிட்டாத உயரத்திலிருந்து காட்டுகிறார். அது சிறு தாள்களை ஒட்டி வரைந்த முன்வரைவாக இருக்கக்கூடும் என்று கருதுவோர் உண்டு. கியோத்தோ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள அதை உங்கள் ஒப்பீட்டில் மூன்றாவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.