புதுச் செயின் போட்டும் ஆக்சில் கடைசிக் கோட்டிலேயே நிற்கிறது: ஒரு லிங்க் வெட்டலாமா?

மலைக்கோட்டைவாசி:
வணக்கம். வண்டி 150 சிசி, பின்னால் டிரம் பிரேக். செயின் 428 அளவு, முன் ஸ்பிராக்கெட் 15 பல், பின்னது 44 பல். செயினை இறுக்க ஆக்சிலை (பின் சக்கர அச்சை) பின்னுக்கு நகர்த்தும் அட்ஜஸ்டர் கடைசிக் கோட்டுக்கு வந்து இனி இழுக்க இடமில்லை என்றானதால் செட்டாக மாற்றினேன். ஓ-ரிங் செயின் (கிரீஸ் வெளியே போகாமல் இருக்க ரப்பர் வளையம் வைத்தது), இரண்டு ஸ்பிராக்கெட்டும் புதிது, பல் எண்ணிக்கை பழையதேதான். கடையிலேயே மாட்டிக் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் ஆக்சில் மறுபடியும் அதே கடைசிக் கோட்டில் நிற்கிறது. அப்படியும் கீழ்ப்பக்கச் செயின் நடுவில் 45 மி.மீ. ஆடுகிறது. வண்டி ஸ்டிக்கரில் 25 முதல் 35 வரை என்று இருக்கிறது. கேட்டால் "புதுச் செயின் ஓட்ட ஓட்ட செட் ஆயிடும்" என்கிறார்கள். ஓட்ட ஓட்ட இன்னும் தொங்கத்தானே செய்யும்?

அப்புறம், மெதுவாகப் போகும்போது 'டக்' என்று ஒரு சத்தம். கொஞ்சம் விட்டு மறுபடி 'டக்'. ஒரே ஒரு லிங்க் வெட்டினால் போதுமா? பக்கத்துப் பட்டறைக்காரர் "அரை லிங்க் வைத்துச் சரி பண்ணலாம்" என்கிறார்.

கரிசல்காட்டான்:
ஒற்றை லிங்க் வெட்ட முடியாது. செயினை உற்றுப் பாருங்கள்: ஒரு உள் லிங்க், ஒரு வெளி லிங்க் என்று மாறி மாறி வரும். ஒன்றை மட்டும் எடுத்தால் இரண்டு முனையும் ஒன்றோடொன்று சேராது. எடுத்தால் ஜோடியாகத்தான் எடுக்க வேண்டும், மொத்தம் எப்போதும் இரட்டைப்படை. அரை லிங்க் என்பது தட்டு வளைந்த ஒரு துண்டு. மோட்டார் சைக்கிள் இழுவைக்கு அது பலவீனமான இடம், பக்கமே போகாதீர்கள்.

ஸ்பேனர்14:
கடையில் நீளத்தை எப்படி முடிவு செய்தார்கள்? அதைச் சொல்லுங்கள். பழைய செயின் கையில் இருக்கிறதா?

மலைக்கோட்டைவாசி:
நீளமான செயின் ஒன்றை எடுத்தார். பழையதை அதன் பக்கத்தில் தரையில் போட்டு, இரண்டையும் இழுத்துப் பிடித்து, சமமாக வெட்டினார். பழையது வீட்டில் கிடக்கிறது.

ஸ்பேனர்14:
அதேதான் காரணம், தம்பி. தேய்ந்த செயினை அளவுகோலாக வைத்துப் புதுச் செயினை வெட்டியிருக்கிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். 428இல் முதல் எண் 4 என்பது ஒரு பின்னுக்கும் (லிங்க்குகளைச் சேர்க்கும் குறுக்குக் கம்பி) அடுத்த பின்னுக்கும் உள்ள இடைவெளி: அங்குலத்தில் எட்டில் நான்கு, அதாவது அரை அங்குலம், 12.7 மி.மீ. 28 என்பது உள் அகலத்தைக் குறிக்கும், அது 7.94 மி.மீ. புதிதாக 120 லிங்க் என்றால் 1524 மி.மீ. நீளம். 122 என்றால் 1549.4. வித்தியாசம் 25.4தான், அதாவது 1.7 சதவீதம்கூட இல்லை. செயின் 2 சதவீதம் நீண்டால் மாற்று என்பது பட்டறையில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. மாற்றும் நிலைக்கு வந்த 120 லிங்க் செயினும், பெட்டியில் இருந்து எடுத்த 122 லிங்க் செயினும் தரையில் கிட்டத்தட்ட ஒரே நீளத்துக்கு வரும். கண்ணுக்குச் சமம், எண்ணிக்கையில் தப்பு. உங்கள் ஆக்சில் பழைய இடத்திலேயே நிற்பதும் அதனால்தான்.

இழுத்து வைத்து ஒப்பிடுவதை விட்டுவிட்டு எண்ணுங்கள். பின்னை எண்ணினால் லாக்கின் (செயினின் இரு முனையையும் சேர்க்கும், கழற்றக்கூடிய லிங்க்) இரண்டு பின்னைச் சேர்த்தோமா இல்லையா என்று குழப்பம் வரும். ரோலரை, அதாவது ஸ்பிராக்கெட் பல்லில் உட்காரும் உருளையை, எண்ணுங்கள். கழற்றிக் கிடக்கும் செயினில் லாக் இல்லாவிட்டாலும் ரோலர் எண்ணிக்கைதான் லிங்க் எண்ணிக்கை.

ஈரோட்டு இன்ஜின்:
எண்ணியதைச் சரிபார்க்க ஒரு வழி. முன் ஸ்பிராக்கெட் நடுவில் இருந்து பின் ஆக்சில் நடு வரை அளந்துகொள்ளுங்கள். ஆக்சிலை அது நகரும் நீளத் துளையின் நடுவில் வைத்து அளப்பது முக்கியம். அது 570 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

570ஐ 12.7ஆல் வகுத்தால் 44.88. அதன் இரட்டிப்பு 89.76. பல் இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 29.5. பிறகு ஒரு சின்னத் திருத்தம்: பல் வித்தியாசம் 29ஐ 6.283ஆல் வகுத்து, வந்ததை வர்க்கமாக்கி, 44.88ஆல் வகுத்தால் 0.47. மூன்றையும் கூட்டினால் 119.7. அடுத்த இரட்டைப்படை 120.

பல் எண்ணிக்கை மாற்றுகிறவர்களுக்கும் இது உதவும். பின்னால் இரண்டு பல் கூட்டினால் ஏறக்குறைய ஒரு லிங்க் அதிகம் தேவைப்படும். ஒற்றை லிங்க் சேர்க்க முடியாது என்பதால் மீதியை அட்ஜஸ்டர்தான் ஏற்க வேண்டும்.

மலைக்கோட்டைவாசி:
எண்ணிப் பார்த்தேன். பழையது 120, வண்டியில் இருப்பது 122. பழையதில் 20 இடைவெளியைப் பின் நடுவில் இருந்து பின் நடு வரை அளந்தால் 258 மி.மீ. வருகிறது. புதிது என்றால் 254 இருக்க வேண்டும் அல்லவா?

சத்தம் பற்றி யாரும் சொல்லவில்லையே? ஒரு ஜோடியை எடுத்தால் அதுவும் போய்விடுமா?

ஸ்பேனர்14:
258 என்றால் நான் சொன்ன கணக்குதான்.

சத்தம் வேறு விஷயம். இன்ஜினை அணைத்து, நியூட்ரலில், சென்டர் ஸ்டாண்டில் போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். இன்ஜின் ஓடும்போது செயின் பக்கம் கை வைக்காதீர்கள், விரல் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். செயினில் ஒரு இடத்தில் சாக்பீஸ் கோடு போடுங்கள். சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒரு முறை சத்தம் வந்தால் ஸ்பிராக்கெட்டிலோ கப்ளிங் ரப்பர் பக்கமோ கோளாறு. சக்கரம் ஏறக்குறைய இரண்டே முக்கால் சுற்று சுற்றிய பிறகுதான் வருகிறது என்றால் அது செயினில் உள்ள ஏதோ ஒரு லிங்க், ஏனென்றால் 122ஐ 44ஆல் வகுத்தால் 2.77. என் சந்தேகம் லாக் மேல்.

மலைக்கோட்டைவாசி:
அண்ணே, லாக்கேதான். ஸ்பிராக்கெட்டை விட்டு வெளியே வரும்போது அந்த ஒரு இடம் மட்டும் நேராகாமல் வளைந்தபடியே வருகிறது.

ஸ்பேனர்14:
லாக் தட்டை அளவுக்கு மீறி அழுத்தியிருக்கிறார்கள். ஓ-ரிங் நசுங்கிவிட்டால் லிங்க் மடங்காது. ஓ-ரிங் செயினில் தட்டு இறுக்கமாகத்தான் ஏறும், தட்டைக் கழலாமல் பிடிக்கும் கிளிப்புக்கான பள்ளம் தெரியும்வரை அழுத்த வேண்டும், அத்தோடு நிறுத்திவிட வேண்டும். பக்கத்து லிங்க்கின் வெளி அகலத்தை வெர்னியரில் அளந்து அதே அளவு வருகிறதா என்று பார்த்துப் பார்த்து அழுத்துவதுதான் ஒழுங்கு.

எப்படியும் செயினைப் பிரிக்கத்தானே போகிறீர்கள், அதே கம்பெனி, அதே மாடல் செயினுக்கான புது லாக் வாங்கிவிடுங்கள். பழைய லாக் மறுபடி வேண்டாம். லாக்கைக் கழற்றியதும் முனையில் ஒரு ஓட்டை காலியாக இருக்கும். அதைத் தாண்டி முதல் பின், அப்புறம் இரண்டாவது பின். அந்த இரண்டாவது பின்னின் தலையை கிரைண்டரில் தேய்த்துவிட்டு, செயின் கட்டரால் தள்ளுங்கள். ஒரு உள், ஒரு வெளி லிங்க் கழன்று வரும். தலையைத் தேய்க்காமல் தள்ளினால் கட்டர் ஊசிதான் உடையும். சுத்தியலால் அடித்து எடுப்பவர்களும் உண்டு. நான் செய்ய மாட்டேன், பக்கத்து லிங்க் கோணிக்கொள்ளும்.

புது லாக்கில் நான்கு ஓ-ரிங் இருக்கும், கழற்றும் தட்டுக்கு உள்ளே இரண்டு, பின்கள் பதிந்த எதிர்த் தட்டுப் பக்கம் இரண்டு. கூடவே வரும் கிரீஸை எல்லாவற்றிலும் தடவுங்கள்.

கரிசல்காட்டான்:
கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். மேல் பக்கத்தில் மாட்டினால் இன்ஜினைப் பார்த்து, கீழ்ப் பக்கத்தில் மாட்டினால் பின் சக்கரத்தைப் பார்த்து. தலைகீழாகப் போட்டால் எதிலாவது உரசிக் கழன்றுவிடும். பெரிய வண்டிகளில் பின் நுனியை நசுக்கிப் பூட்டும் ரிவெட் லாக்தான், உங்கள் 150க்குக் கிளிப் போதும்.

தொங்கலைச் செட் செய்யும்போது சக்கரத்தைச் சுற்றி நான்கைந்து இடத்தில் பார்த்து, மிக இறுக்கமான இடத்தில் 25-35 வருமாறு வையுங்கள். இறுக்கி வைத்தால் நல்லது என்று நினைக்க வேண்டாம். நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் மேலே போகும். முன் ஸ்பிராக்கெட், ஸ்விங் ஆர்ம் போல்ட், ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டில் வரும் இடத்தில் செயின் மிகவும் இழுபடும். அங்கே இடமில்லை என்றால் கியர்பாக்ஸ் ஷாஃப்ட் பேரிங்தான் அடி வாங்கும். அட்ஜஸ்டர் கோடுகளை மட்டும் நம்பாமல், ஸ்விங் ஆர்ம் போல்ட்டில் இருந்து ஆக்சில் வரை இரண்டு பக்கமும் அளந்து சமமாக வையுங்கள்.

மலைக்கோட்டைவாசி:
முடித்துவிட்டேன். ஆக்சில் இப்போது துளையின் நடுவில், தொங்கல் 30, 'டக்' சத்தம் இல்லை. ஆனால் ஒரு புதுப் பிரச்சினை: பின் பிரேக் பெடல் முன்பைவிட ஆழமாகப் போகிறது. ஏதாவது கழன்றிருக்குமா?

ஸ்பேனர்14:
ஒன்றும் கழலவில்லை. சக்கரம் 12 மி.மீ. அளவுக்கு முன்னால் வந்திருக்கிறது, அதனால் பிரேக் ராடு தளர்ந்திருக்கிறது. ராடு நுனியில் உள்ள நட்டை இறுக்கி, பெடலுக்குப் பழைய அளவு தளர்வு (ஃப்ரீ ப்ளே) விடுங்கள். சக்கரம் உரசாமல் சுற்றுகிறதா, பெடலை மிதித்ததும் பிரேக் லைட் எரிகிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள். பிரேக் சரியாகும்வரை வண்டி வெளியே வேண்டாம். ஆக்சில் நட்டு, காட்டர் பின் இரண்டையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் தொங்கலை மறுபடி அளக்க வேண்டியிருக்கும், கழுவ மண்ணெண்ணெய் போதும், பெட்ரோல் ஓ-ரிங்குக்கு ஆகாது.