சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கட்டில்

ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் எனக்கு ஒரே ஜெபம்தான்: "ஆண்டவரே, இனி என்னை எதற்காக வைத்திருக்கிறீர்?" ஊழிய அழைப்பு என்றாலே மேடை, பயணம், தெரியாத ஜனங்கள் என்று மனதில் ஒரு படம் இருந்தது. ஒரு கதவும் திறக்கவில்லை.

பக்கத்து வீட்டுப் பெரியவர் பக்கவாதத்தில் படுத்து ஏழு மாதம் ஆகியிருந்தது. ராத்திரி இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் சுவருக்கு அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிடும். தூக்கம் கெடுகிறதே என்று சலித்துக்கொண்டிருக்கிறேன். ஒருநாள் காலையில் அவர் மகளிடம் வாசலில் பேசிக்கொண்டிருந்தேன். பேச்சின் நடுவிலேயே அவளுக்குக் கண் சொருகியது. "ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை அப்பாவைத் திருப்பிப் போடணும் அங்கிள், இல்லன்னா புண் வந்துடும்" என்றாள்.

"வெள்ளிக்கிழமை ராத்திரி நான் பார்த்துக்கிறேன்மா, நீ படு." மூன்று வாரம் அவள் அப்பாவின் அறை வாசலிலேயே படுத்தாள். நாலாவது வாரம்தான் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

வேலையைக் கற்றுக்கொடுத்ததும் அவள்தான். உடம்பை இழுக்கக் கூடாது, தோல் உரிந்துவிடும்; விரிப்போடு சேர்த்துத் தூக்கித் திருப்ப வேண்டும். முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவே ஒன்று, குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் ஒன்று. இடுப்பெலும்பு, வால் எலும்பு, குதிகால் மூன்றிலும் டார்ச் அடித்து, நிறம் மாறியிருக்கிறதா, தொட்டால் சுடுகிறதா என்று பார்க்க வேண்டும். அவருக்குப் பேச்சு வராது. ஒரு ராத்திரி எல்லாம் முடித்து எழுந்தபோது, நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். வெகுநேரம் விடவில்லை.

அதற்குப் பிறகு லூக்கா சுவிசேஷம் 10ஆம் அதிகாரம் எனக்கு வேறு மாதிரி தெரிகிறது. கள்ளர் அடித்துப் போட்ட ஒருவனைச் சத்திரத்துக்குக் கொண்டுபோய்ப் பராமரித்த நல்ல சமாரியன், சத்திரக்காரனுக்கு இரண்டு பணம் கொடுத்ததைப் பற்றி நிறையப் பிரசங்கம் கேட்டிருக்கிறேன். ஆனால் அவன் அதைக் கொடுத்தது "மறுநாளிலே" என்று 35ஆம் வசனம் சொல்கிறது. அப்படியானால் அந்த ராத்திரி முழுக்கக் காயப்பட்டவன் பக்கத்தில்தான் இருந்திருக்கிறான்! அந்த ராத்திரியைப் பற்றி யாரும் பிரசங்கித்து நான் கேட்டதில்லை.

மறுமொழி

ஐயா, அதே பகுதியில் "எனக்குப் பிறன் யார்?" என்று உங்கள் வேதாகமத்தில் இருக்கும். நாங்கள் பூசையில் கேட்கும் மொழிபெயர்ப்பில் "எனக்கு அடுத்திருப்பவர் யார்?" என்று வரும். உங்கள் சுவரை நினைத்தால் இந்தச் சொல் இன்னும் பொருந்துகிறது.

நான் சறுக்கிய இடத்தைச் சொல்கிறேன். எங்கள் தெருவில் கணவரை இழந்த ஒரு அம்மாவுக்கு ஆறுதல் சொல்ல வாரம் தவறாமல் போனேன். ஜெபித்தேன், வசனம் வாசித்தேன். ஒருநாள் அவர், "எல்லாரும் பேசிட்டுப் போறீங்க. இந்த பேங்க் ஃபாரத்தை நிரப்பித் தர ஒருத்தரும் இல்லை" என்றார். அந்தக் காகிதங்கள் மேசை மேலேயே இருந்திருக்கின்றன, அவற்றை ஒதுக்கிவிட்டுத்தான் நான் விவிலியத்தை வைத்திருக்கிறேன். ஆடையும் உணவும் இல்லாதவர்களிடம் "குளிர்காய்ந்துகொள்ளுங்கள்" என்று வாயால் மட்டும் சொல்வதில் என்ன பயன் என்று யாக்கோபு 2ஆம் அதிகாரம் கேட்கிறதே, அது என்னைத்தான் கேட்டது. இரண்டு மதியம் உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தேன். மூன்றாவது வாரம், "இன்னைக்கு ஜெபம் பண்ணலையா?" என்று அவரே கேட்டார்.

மறுமொழி

அந்த மகளின் இடத்தில் இருப்பவள் நான், அம்மா படுக்கையில். "எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்க" என்று சொன்னவர்கள் நிறையப் பேர். கூப்பிட வாய் வராது. "செவ்வாய்க்கிழமை மூணு மணிக்கு வரேன், அஞ்சு வரைக்கும் இருப்பேன்" என்று ஒரு அக்கா சொன்னார். அந்த இரண்டு மணி நேரத்தை நம்பித்தான் என் வாரம் ஓடுகிறது. தயவுசெய்து நாளையும் நேரத்தையும் சொல்லுங்கள்.

ஒரு கேள்வி ஐயா. உங்கள் பக்கத்து வீட்டு அப்பாவும் மகளும் கிறிஸ்தவ நம்பிக்கைக்குள் வந்தவர்களா?

மறுமொழி

இல்லைம்மா. அதை மனதில் வைத்துக்கொண்டு நான் அங்கே போகவும் இல்லை. ஆனால் ஒரு ராத்திரி அவளே, "ஏன் அங்கிள் வர்றீங்க?" என்று கேட்டாள். சமாரியன் கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்த ஆள் பிழைச்சானா?" என்றாள்.

அது எழுதப்படவில்லை என்றேன். அப்பா பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுத் தூங்கப் போனாள்.